இரண்டாவது விரல்

பட்டறையின் முன்னறையில் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. மேஜை, அலமாரிகளுக்கு வரைபடம் போடும் மென்பொருளை மகள் ஏற்றி முடித்தாள். கடவுச்சொல் எல்லாம் அப்பாவுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அதனால் விரல் வைத்தால் திறக்கும்படி அமைத்து, முதலில் தன் கட்டைவிரலைப் பதிந்தாள். பிறகு உள்ளே அறுப்பு இயந்திரம் நிற்கும்வரை காத்திருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, வந்து உங்க விரல வெச்சிட்டுப் போங்க."

"ஒரே ஒரு பலகை பாக்கிம்மா. முடிச்சிட்டு வர்றேன்." இயந்திரம் மறுபடி ஓடியது.

அவள் பதிவான விரல்களின் பட்டியலைத் திறந்தாள். அதில் இரண்டு விரல்கள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது அப்பாவின் பெயரில், வலது ஆள்காட்டி விரல். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், இயந்திரம் ஓடும்போது அவள் 'அப்பா' என்று கூப்பிட, அவர் திரும்பிய நொடியில் துண்டாகிப் போன விரல் அது.

அவள் அதை அழித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போட்டாள். பட்டியலில் மறுபடியும் இரண்டு விரல்கள் இருந்தன.

திரையைப் பூட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். நாலடி வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் திறந்துகொள்ளும் ஓசை கேட்டது. மேஜையருகே யாரும் இல்லை. விரல் வைக்கும் கண்ணாடியில் மட்டும் மரத்தூள் விரல்நுனி அளவில் மெல்லிய வட்டமாக ஒட்டியிருந்தது.

உள்ளே இயந்திரம் நின்றது. அப்பா வாசல்வரை வந்து, விரல் இல்லாத இடத்தை இடது கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"அந்தக் கண்ணாடி சில்லுன்னு இருக்குமாம்மா?"