ஏழாவது ஸ்லைடு

"அந்த நீலக் கட்டத்த எடும்மா! அதுக்கு அடியில யாரு பேரு இருக்குது?"

தலைவர் அப்பாதுரை கத்திய கத்தலில் ஹாலே திரும்பிப் பார்த்தது. புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற ஆரோக்கியசெல்வி மட்டும் அசரவில்லை.

திண்டிவனம் பக்கத்தில் முந்நூறு விவசாயிகள் பங்கு போட்டு நடத்தும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கம்பெனி அது. செல்விதான் மேனேஜர். எதிரே உட்கார்ந்திருந்த கலைப்பிரியா, சென்னையில் கடலைமிட்டாய் செய்யும் பெரிய நிறுவனத்திலிருந்து வந்தவர். மூன்று வருட ஆர்டர் அவர் கையில் இருந்தது. கிடைத்தால் முந்நூறு குடும்பத்துக்கும் நிம்மதி.

ஆறு ஸ்லைடு வரைக்கும் அப்பாதுரைக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய பெரிய படம், நறுக்கென்று நாலு எழுத்து. செல்வியும் கணீரென்று பேசினாள்.

ஏழாவதில்தான் வந்தது வினை. பூசணம் பிடித்த பருப்பின் படம். கீழே கொள்முதல் ரசீது. அதில் 'லாட் 17, திரும்பி வந்தது' என்று இருந்தது. பங்குதாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலக் கட்டம்.

செல்வி கலைப்பிரியா பக்கம் திரும்பினாள்.

"போன வருஷம் நீங்க திருப்பி அனுப்புன சரக்குங்க மேடம் இது. மெஷின்ல உடைக்கசொல்ல பருப்பு ரெண்டா போயிடக் கூடாதுன்னு, காய் மேல தண்ணி தெளிச்சிருக்காங்க. ஈரம் தங்கி பூசணம் புடிச்சிடுச்சு. இப்ப ஒவ்வொரு மூட்டையும் ஈரம் பாத்துதான் உள்ளயே எடுக்குறோம்."

"நம்ம அசிங்கத்த நாமளே படம் போட்டுக் காட்டிக்கினு இருக்கோம்!" அப்பாதுரை எழுந்தே விட்டார். "சரி, காட்டிட்ட. பேர மட்டும் ஏன் மூடுன?"

"பேரு எதுக்குங்கய்யா? தப்பு எப்புடி நடந்துச்சு, எப்புடி சரி பண்ணோம்னு தெரிஞ்சா போதாதுங்களா?"

"ஓகோ... உங்கப்பன் சவுரிராயனும் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டானில்ல? உங்க தெரு ஆளுங்களுக்குப் பங்கு குடுக்கசொல்லவே வேணாம்னேன். யாரு கேட்டாங்க?"

செல்விக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு அடுத்த ஸ்லைடைத் தட்டினாள்.

கலைப்பிரியா கையை உயர்த்தினார். "எனக்குப் பேர் வேண்டாம் சார். போற இடத்துல எல்லாம் நல்ல படமாத்தான் காட்டுறாங்க. கெட்டுப்போன சரக்கையும் எடுத்துக் காட்டினது இவங்க மட்டும்தான். ஆர்டர் உங்களுக்குத்தான்."

கைதட்டல் அடங்கி, கலைப்பிரியாவின் கார் கிளம்பியது. வழியனுப்பப் போன கம்பெனி இயக்குநர்கள் எல்லாரும் திரும்ப ஹாலுக்குள் வந்தார்கள்.

அப்பாதுரைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தை விட, ஒரு ஆளைப் பிடிக்கும் வெறிதான் அவரிடம் அதிகமாக இருந்தது.

"தண்ணி தெளிச்ச ஆளுகிட்ட இனிமே மூணு போகத்துக்கு ஒரு மூட்டைகூட எடுக்கக் கூடாது. எல்லாரும் கேட்டுக்குங்க, இது தலைவர் முடிவு!"

இயக்குநர்கள் தலையாட்டினார்கள்.

"வேணாங்கய்யா," என்றாள் செல்வி. "தெரிஞ்சு செஞ்ச தப்பில்ல. நானே நேர்ல போய் சொல்லிட்டேன். அவங்களும் புரிஞ்சிக்கினாங்க. இந்த வருஷம் சரக்கு சுத்தமா வந்திருக்குது."

"அப்பனுக்கு வக்காலத்தா? நகரு அந்தாண்ட!"

"ஐயா, நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க..."

"பேரோட போட்டோ புடிச்சு வாட்ஸ்அப் குரூப்ல போடுறேன். முந்நூறு பேரும் பாத்து காறித் துப்பட்டும்!"

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். ஏழாவது ஸ்லைடுக்குப் போனார். இடது கையில் செல்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மவுஸைப் பிடித்து நீலக் கட்டத்தை ஓரமாகத் தள்ளினார்.

புரொஜெக்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவர் முழுக்கப் பெரிய எழுத்தில் வந்து நின்றது அந்தப் பெயர்:

'கோவிந்தம்மாள், கணவர் பெயர்: அப்பாதுரை.'