மம்மோனே சபீனோ

“மம்மோனே வர்றாரு, பால் புட்டியை எடுத்து வைப்பா” என்று காப்பிக்கடையில் ஒருவன் சொல்ல, மீனவர் கூட்டம் மொத்தமும் சிரித்தது.

இத்தாலியின் மொல்ஃபெட்டா துறைமுகத்தில், நாற்பது தாண்டியும் அம்மா மடியை விட்டு இறங்காத ஆம்பளைக்கு அதுதான் பேர். சபீனோவுக்கு நாற்பத்து மூன்று. யார் என்ன கேலி பேசினாலும் தலையைக் குனிந்துகொண்டு காப்பியைக் குடித்துவிட்டுப் போவான். அவமானமெல்லாம் பக்கத்தில் நிற்கிற டொனாட்டாவுக்குத்தான்.

நாலு வருஷமாக அவனுக்காகக் காத்திருக்கிறாள், பாவம். நகராட்சியில் கல்யாணத்தைப் பதிய மூன்று தடவை நாள் குறித்தும் அவன் வரவில்லை. சாவுக்கும் கல்யாணத்துக்கும் பேர் போட்டுத் தெருவெல்லாம் சுவரொட்டி ஒட்டுகிற ஊர் அது. பால்கனியில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒன்று விடாமல் படிப்பாள், நம்ம பேரைப் பார்த்தால் உயிரையே விட்டுவிடுவாள் என்பான். மகன் கல்யாணத்தைத் தாங்காத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்?

“இன்னிக்குப் பத்து மணிக்கு நீ வரலைன்னா என்னை மறந்துடு, சபீனோ. உங்கம்மாவோட போட்டி போட்டு எனக்கு அலுத்துப்போச்சு.”

“அம்மாவுக்கு சூப் கொடுத்துட்டு ஓடி வந்துடறேன்.”

பதினொன்றாகியும் ஆளைக் காணோம். நகராட்சி வாசலில் நின்ற டொனாட்டாவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவளை அவன் வீட்டுக்குள் விட்டதில்லை. இன்று கிழவியிடமே நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

வீட்டுக்கு எதிர்ச் சுவரில் சபீனோ ஒரு சுவரொட்டியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். கக்கத்தில் ஏற்கெனவே கிழித்த நாலைந்து. எல்லாம் அவன் தம்பி கோசிமோவின் நினைவு நாளுக்குக் கோயிலிலிருந்து ஒட்டியவை. பத்து வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் ஒரே படகில் கடலுக்குப் போனார்கள். கரைக்குத் திரும்பியது சபீனோ மட்டும்தான்.

செத்தவனின் படத்தைக்கூட அம்மா கண்ணில் படாமல் பொத்தி வைக்கிறானே, இவனை நம்பி நாலு வருஷத்தைத் தொலைத்தோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. காகிதங்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு அவன் மாடியேறினான். அவளுக்குத் தைரியம் வர ஐந்து நிமிஷம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் ஏறினாள்.

கதவு திறந்தே கிடந்தது. மடியில் சூப் கிண்ணத்தோடு கட்டில் ஓரத்தில் சபீனோ உட்கார்ந்திருந்தான். நினைவு தடுமாறிய கிழவி அவன் கன்னங்களை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள்.

“மாதா என்னைக் கைவிடலை, கோசிமோ. கடல் அந்த சபீனோவை எடுத்துக்கிட்டு, உன்னை எனக்குன்னு விட்டுடுச்சு.”

“ஆமாம்மா” என்றான் சபீனோ, அடுத்த கரண்டி சூப்பை ஊதி ஆற்றிக்கொண்டே.