கையைப் பார்த்து மார்க்

சட்டையின் முதல் பொத்தானை இரண்டாம் ஓட்டையில் மாட்டியிருந்தார் அந்த மனிதர். மனைவி நாற்காலியைக் காட்டியதும் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து என்னவோ முணுமுணுக்க ஆரம்பித்தார்.

மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான நர்ஸ் படிவத்தை எடுத்தாள். நோயாளியின் ஃபைல் இன்னும் வரவில்லை. பெயரை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம். பெரிய நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னது அவளுக்கு மனப்பாடம்: "மனச்சிதைவுல மூளையப் பார்த்து ஏமாந்துடாதே. மூளை ஊருக்கே புத்தி சொல்லும், கை ஒரு டீ போடாது. கையப் பார்த்து மார்க் போடு."

"வெளியூர்ல எனக்குப் பத்து நாள் பயிற்சி, சிஸ்டர். முடிச்சா வேலை. டாக்டர் கையெழுத்துப் போட்டாதான் போக முடியும்," என்றாள் மனைவி. "எட்டு வருஷம் வீட்டோட கிடந்துட்டேன். இத விட்டா வேற வழியில்ல."

நர்ஸுக்குப் பாவமாக இருந்தது.

"சார் என்ன படிச்சிருக்காரு?"

"கணக்குல டாக்டர் பட்டம். வெளிநாட்டுக்காரங்களே இவர்கிட்ட சந்தேகம் கேட்டு எழுதுவாங்க."

மூளை தேறிவிட்டது. இனி கை.

"சமைப்பாரா?"

"ஒரு தடவை வெந்நீர் வெச்சாரு. பாத்திரம் ஓட்டையாயிடுச்சு."

"துணி துவைப்பாரா?"

"துவைச்சாரே! பையில இருந்த போனோட சேர்த்து."

"தனியா ரோட்டைத் தாண்டுவாரா?"

"கையப் புடிச்சுதானே கூட்டிட்டு வந்தேன், பார்த்தீங்கல்ல?"

மனைவிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இதையெல்லாம் யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை வருஷம் காத்துக் கிடந்தவள் போலக் கொட்டித் தீர்த்தாள். சார் காதில் எதுவுமே ஏறவில்லை.

"காதுல ஏதாவது குரல் கேக்குதா?"

"இவருக்கா? நான் பக்கத்துல நின்னு கத்துறதே கேக்காது."

"மாத்திரை?"

"அது என் பொறுப்பு. மூணு வருஷத்துல ஒரு வேளைகூடத் தப்பினதில்ல." கைப்பையைத் திறந்து, கிழமை வாரியாக அடுக்கிய டப்பாவைக் காட்டினாள்.

இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்க மனுஷன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் நினைத்தாள். ஆனாலும் கடமை கடமைதான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு கடைசி வரியை எழுதினாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. பத்து நாள் என்ன, பத்து நிமிஷம்கூட நோயாளியத் தனியா விட முடியாது. பயிற்சிய மறந்துடுங்க."

மனைவியின் முகம் தொங்கிப்போனது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "எல்லாம் ஒழுங்காத்தானே சிஸ்டர் செய்யறேன்?"

அந்த அழுகைக் குரல் எப்படியோ அவர் காதில் விழுந்துவிட்டது. முணுமுணுப்பை நிறுத்திவிட்டு முதல் முறையாக நர்ஸைப் பார்த்துப் பேசினார்.

"சிஸ்டர், நோயாளி அவ. நான் துணைக்கு வந்தேன்."