சத்தமா மூச்சு விடுங்க

"இது பரீட்சை ஹாலா, சைக்கிளுக்குக் காத்தடிக்கிற கடையா? ஆளாளுக்குப் புஸ்ஸு புஸ்ஸுன்னு!"

"பயத்துல ஒரு பொண்ணு மயங்கி விழுந்தா நீங்க தூக்கிட்டுப் போவீங்களா சார்?"

பல்கலைக்கழகத் தேர்வறை வாசலில், மணி அடிக்கப்போகிற நேரத்தில்தான் இந்தக் கூச்சல். ஒருவர் தேர்வு மேற்பார்வையாளர். அவர் பார்வைக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'கழுகு'. மற்றவள் மூச்சு டீச்சர். படபடப்பில் தவிக்கும் மாணவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வந்த தற்காலிக ஆசிரியை. மூக்கால் இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, வாயால் சத்தமாக விட வேண்டும், பாடத்திட்டமே அவ்வளவுதான். இதற்கும் சம்பளமா என்று அலுவலகத்தில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல்.

ஆனால் அவள் வந்த பிறகு மதிப்பெண்கள் எகிறியது உண்மை. இந்தத் தேர்வும் நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று துறைத் தலைவரே சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கழுகு குறுக்கே விழுந்தால் டீச்சர் சும்மா இருப்பாளா?

"பசங்க மூச்சு விடக்கூடாதுன்னா நீங்களும் விடாதீங்க, பார்ப்போம்!"

துறைத் தலைவர் நடுவில் புகுந்தார். "போதும், ரெண்டு பேரும் நிறுத்துங்க. டீச்சரும் உள்ளே நிக்கட்டும். யாருக்காவது படபடப்புன்னா அவங்க பார்த்துப்பாங்க."

டீச்சர் ஜெயித்த களையோடு உள்ளே போனாள்.

நான்கு விடைகளில் சரியானதைக் கறுப்பாக்கும் தேர்வு. முதல் வரிசையில் வகுப்பின் முதல் மாணவி. மூச்சுப் பயிற்சியில் அவளைப்போல் ஆர்வம் காட்டியவர் யாருமில்லை. கழுகு அவள் மேசையருகே போய் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுகொண்டார். அவள் முகம் வெளிறியது. மூச்சு விடவே பயந்தாள். பின்னால் இருந்தவர்கள் எழுதாமல் அவள் முதுகையே பார்த்தார்கள். தோழிமேல்தான் எத்தனை அக்கறை! டீச்சருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"தள்ளுங்க சார், பிள்ளை பயந்துபோயிருக்கா." அருகில் போய்த் தோளைத் தொட்டாள். "நான் விடறேன், என்னைப் பார்த்து நீயும் விடும்மா."

இழுத்தாள். நிறுத்தினாள். ஹால் முழுக்கக் கேட்கும்படி விட்டாள். மறுபடி. மறுபடி.

"டீச்சர், வேணாம்! ப்ளீஸ், நிறுத்துங்க!" மாணவி அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"பயப்படாதே, அதான் நான் இருக்கேன்ல?" டீச்சர் இன்னொன்றையும் நீளமாக விட்டாள்.

முதுகுப் பக்கம் சரசரவென்று சத்தம். திரும்பினாள். அத்தனை தலைகளும் ஒன்றாகக் குனிந்திருந்தன. அத்தனை பேனாக்களும் ஒரே நேரத்தில் கறுப்பாக்கிக்கொண்டிருந்தன. கழுகின் வாய் திறந்தபடியே நின்றது. டீச்சருக்கு இழுத்த மூச்சு திரும்ப வரவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் தவிப்போடு கேட்டான்: "டீச்சர், கொஞ்சம் தெளிவா விடுங்க. மூணாவது விடையா, நாலாவதா?"

டீச்சர் அந்த மாதமே ஊரை விட்டுப் போய், ஒரு நீச்சல் பயிற்சியாளரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மூச்சை அடக்கச் சொல்லித்தருகிறவராம்.