கம்பத்தடியில் நின்றவர்

"உங்க வீட்டுக்கு எதிர்ல வந்து நின்னது இவர்தானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

சாட்சிக் கூண்டிலிருந்து பங்காரம்மா எதிரே நின்ற சென்னிமலையைப் பார்த்தாள்.

அவள் கணவர் சுந்தரராஜுலுவின் தறிக் குடோனில் வேலைக்கு இருந்தவன். ஒரு கூலித் தகராறில் அவரைக் குத்திக் கொன்றுவிட்டு ஆயுள் தண்டனைக்குப் போனவன்.

மகள் கல்யாணத்துக்காகப் பரோலில் உடுமலைப்பேட்டைக்கு வந்திருந்தான். சூலூர்ப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது நிபந்தனை.

அவன் வெளியே வந்த அன்றே, பொழுது சாய்கிற நேரத்தில், பங்காரம்மாவின் சூலூர் வீட்டுக்கு எதிரே லைட் கம்பத்தடியில் ஓர் ஆள் வந்து நின்றது. முகம் தெரியவில்லை. மறுநாளும் வந்தது.

அது சென்னிமலைதான் என்று பயந்து அவள் போலீசில் எழுதிக் கொடுத்தாள்.

பரோல் ரத்தானது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சம்பந்தி வீட்டார் பார்க்கப் பார்க்க அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அப்பா வராமல் தாலி ஏறாது என்று மகள் பிடிவாதமாகக் கல்யாணத்தை நிறுத்திவிட்டாள்.

அந்த ரத்து சரிதானா என்றுதான் கோவை கோர்ட்டில் இன்று விசாரணை. உடுமலையைத் தாண்டவே இல்லை என்று சென்னிமலை சொல்லிப் பார்த்தான். ஒருவரும் நம்பவில்லை.

"இவனில்லீங்க" என்றாள் பங்காரம்மா.

அரசு வக்கீல் சட்டென்று நிமிர்ந்தார்.

"இவனைத் திரும்ப உள்ள கொண்டுபோன பொறகும் அந்த ஆளு வந்துட்டுத்தானுங்க இருந்தாரு. இனி என்ன பயம்னு கதவைத் தொறந்து, கிட்டப் போயே பார்த்துப்போட்டேனுங்க."

"யார் அது?"

"சொன்னா நீங்க எழுத மாட்டீங்க. இவனில்லீங்க, அவ்வளவுதான்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டார். அப்புறம் வற்புறுத்தவில்லை.

மத்தியானத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. பரோலை ரத்து செய்தது செல்லாது. மிச்சமிருக்கும் நாட்களுக்கு அவனை வெளியே விட வேண்டும்.

வராந்தாவில் சென்னிமலை அவளைப் பார்த்ததும் விலங்கோடு கையைத் தூக்கிக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடியது.

"உங்களுக்கு நான் பண்ணுன பாவத்துக்கு, நீங்க ஆமான்னு சொல்லியிருந்தாக்கூட நான் வாயைத் தொறந்திருக்க மாட்டேனுங்கம்மா."

பங்காரம்மா அவன் பக்கத்தில் வந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"மொதலாளிதான் தெனமும் வந்து கேட்டுட்டே இருக்காரு கண்ணு, நீ எப்ப வெளிய வருவேன்னு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"வாப்பா" என்றார் கூட வந்த போலீஸ்காரர். "ஜெயில்ல ஒரு கையெழுத்துப் போட்டா பொழுதோட ஊடு போய்ச் சேர்ந்துரலாம்."

சென்னிமலை நகரவில்லை. அந்தப் போலீஸ்காரரின் கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.