எட்டு பத்து வண்டி

இது என் அக்கா சொல்லிக் கேட்டது. அக்காவோடு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டில் நடந்ததாம். நான் அங்கே இல்லை. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடையில் கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணின் போனுக்குப் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது.

'உங்கள் மகன் ஒன்பது நாட்களாக வகுப்புக்கு வரவில்லை.'

தினமும் எட்டு பத்து வண்டியைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடுகிறானே! பதிமூன்று வயதில் பள்ளிக்குப் போகாமல் எங்கே போய்ச் சுற்றுகிறான்?

வகுப்பாசிரியருக்குப் போன் போட்டாள்.

"அவன் எங்கேயும் போகலம்மா. என் கண்ணு முன்னாடிதான் உட்கார்ந்திருக்கான்."

"அப்புறம் ஏன் சார் ஆப்சென்ட்?"

"நம்பர் கூப்பிட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். கையை மட்டும் தூக்குறான். வாயைத் திறந்து சொன்னாத்தான் வந்ததா அர்த்தம்னு நானும் சொல்லிட்டேன். நாளைக்கும் இப்படின்னா பத்து நாள் ஆயிடும். அப்புறம் பரீட்சை எழுத முடியாது. ரூல்ஸ் அப்படி."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பையனைப் பிடித்தாள்.

"ஏன்டா, வாய்க்குப் பூட்டா போட்டிருக்கே? அந்த வாத்தியாருக்கு ஒரு பதில் சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

அவன் நோட்டை எடுத்து இரண்டே வார்த்தை எழுதினான். 'அப்பாவைக் கேளு.'

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரம் முன்பு அத்தை வீட்டு விருந்தில், "இன்னும் கொஞ்சம் தண்ணி குடு அத்தே" என்றான். லாரி மாதிரி ஆரம்பித்த குரல் விசில் மாதிரி முடிந்தது. உடனே அவன் அப்பா அதே மாதிரி பேசிக் காட்டினார். மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். வீட்டிலும் தலையாட்டலோடு சரி; வயசுக் கோபம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அப்பாவுக்கு, பையன் தினமும் வண்டி ஏறும் அதே ரயில் நிலையத்தில்தான் அறிவிப்பு செய்யும் வேலை. அவர் குரலில் கேட்டால், தாமதமாக வரும் வண்டியைக்கூட மன்னிக்கத் தோன்றும்.

சாயங்காலம் அவர் வந்ததும் ஆரம்பித்தாள்.

"என்னங்க, மகரக்கட்டு உடைஞ்சு குரல் மாறற வயசு. ஊர் சிரிச்சாத் தாங்கிப்பான். நீங்களே சிரிச்சா?"

"அட, விளையாட்டுக்குச் செஞ்சது. எனக்கெல்லாம் அந்த வயசுல இப்படி உடையவே இல்ல, தெரியுமா? வெண்ணெய்ல கத்தி இறங்கற மாதிரி இறங்கிச்சு."

"பெருமை வேறயா? நாளைக்கு அவன் வாயைத் திறக்கலேன்னா பரீட்சை போச்சு."

"அதுக்கு நான் என்ன செய்யணும்? அவன்கிட்ட மன்னிப்பா கேட்க முடியும்?"

"கேட்டாக் குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இந்த மனுஷனுக்குக் குரல் மட்டும்தான் இனிப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, ஆசிரியர் காலில் விழுந்தாவது பார்ப்போம் என்று பையனோடு அவளும் கிளம்பினாள். பிளாட்பாரம் முழுக்க அவன் பள்ளிப் பிள்ளைகள். அவன் ஒரு தூண் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எட்டு பத்துக்குப் புறப்பட வேண்டிய வண்டி, இரண்டாவது பிளாட்பா..."

அங்கேதான் குரல் உடைந்தது. 'ரத்தில்' என்பது கீச்சென்று கூரைக்குப் போய், 'வந்துகொண்டிருக்கிறது' தரைக்கு வந்தது.

பிளாட்பாரத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. பிறகு, சிரிப்பு! பெட்டி தூக்குகிறவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான்போல" என்றார் ஒருவர்.

அவளுக்கு மானம் போயிற்று. பக்கத்தில் திரும்பினாள். பையன் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பதறினாள்.

சிரிக்கிறான்! பாதி லாரி, பாதி விசில்.

"அம்மா, அப்பா குரல் என்னைவிட மோசம்மா!"

இரண்டு வாரத்தில் அவள் கேட்ட முதல் வார்த்தை.

வகுப்பு வாசலில் நின்று காது கொடுத்தாள்.

"பதினேழு!"

"வந்திருக்கேன் சார்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"என்னடா குரல் இது?" என்றார் ஆசிரியர்.

"எங்கப்பாவுக்கும் இன்னிக்கு இப்படித்தான் சார் ஆயிடுச்சு. குடும்ப வியாதி."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவனும் சேர்ந்து சிரித்தான்.

சாயங்காலம் அப்பா கையில் ஒரு மெமோவோடு வந்தார். இரண்டு பயணிகள் புகார் கொடுத்துவிட்டார்களாம். பதினாறு வருஷத்தில் முதல் மெமோ.

"தொண்டை... சரியில்ல" என்றார், கரகரத்து.

"நல்லா வேணும். பிள்ளையைக் கிண்டல் பண்ணினீங்க இல்ல? அனுபவிங்க" என்று வெந்நீரை டொக்கென்று முன்னால் வைத்தாள்.

"உப்பு போட்டுக் கொப்பளிங்கப்பா, சரியாயிடும்" என்றான் பையன், பெரிய மனுஷத் தோரணையில். அப்பா தலையைக் குனிந்து கொப்பளித்தார். வீட்டில் மூன்று நாள் அவருக்கு அந்தக் கரகரப்புப் போகவில்லையாம்.

அக்கா சொன்ன கதை இதோடு முடிந்தது. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அந்த ஸ்டேஷனில் எல்லா அறிவிப்புகளையும் பதிவு செய்து வைப்பார்கள். என் நண்பன் ஒருவன் அங்கேதான் வேலை பார்க்கிறான். போன வாரம் போய் உட்கார்ந்து அந்த மூன்று நாள் பதிவுகளையும் முழுக்கக் கேட்டேன்.

எட்டு இரண்டு வண்டிக்குக் குரல் தேன். எட்டு பதினெட்டுக்கும் தேன். மூன்று நாளில் நூற்றுப் பதினான்கு அறிவிப்புகள். உடைந்தது ஒரே ஒரு எட்டு பத்து வண்டிக்குத்தான்.