முதலாளி குடிக்காத தண்ணீர்

"முதல்ல குடிங்க. அப்புறம் பேசலாம்."

பிளம்பரின் மனைவி டம்ளரை நகர்த்தி வைத்தாள். குழாய்க் கடை முதலாளி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சமையலறைச் சுவரை நெடுகக் கொத்திப் போட்டிருந்தார்கள். குழாய் ஓடிய இடத்தில் வெறும் பள்ளம்.

அவர் வந்தது ஒரு கையெழுத்துக்காக. அவருடைய பிளாஸ்டிக் குழாயிலிருந்து ஈயம் கசிந்து தன் நான்கு வயது மகனின் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அவள் புகார் கொடுத்திருந்தாள். அவள் அதைத் திரும்பப் பெறாவிட்டால் கடைக்குப் பூட்டுதான்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரன் என் கடையில குழாய் வாங்கினதா ஒரு பில்லுகூட இல்லையே?"

"வாங்கலைங்க. போன வருஷம் ஒரு வீட்டு வேலையில மிச்சமான துண்டுங்க. நல்ல சரக்குன்னு நம்பி சொந்த வீட்டுக்கே போட்டார்."

"எங்கயோ பொறுக்கினதுக்கு நானா பொறுப்பு? என் சரக்கு தங்கம்மா, தங்கம்!"

"அந்தத் தங்கத்துல வந்த தண்ணிதான் இது. ஒரே மடக்கா குடிங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

முதலாளி டம்ளரை எடுத்தார். அது உதடு வரை போய் அங்கேயே நின்றது. ஈயம் கலந்த குப்பைப் பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த குழாய்க்கும் நல்ல குழாய்க்கும் ஒரே முத்திரை அடிக்கச் சொன்னவரே அவர்தான். அவர் கடை ஆட்களுக்கே எது எதுவென்று தெரியாது.

டம்ளர் கீழே இறங்கியது.

"சரிம்மா, ஒத்துக்கறேன். அது மட்டச் சரக்குதான். தெரிஞ்சே எவனாவது இதைக் குடிப்பானா?"

"எம்புள்ள தெரியாம ஒரு வருஷம் குடிச்சான்."

அவள் அழவில்லை. முதலாளி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"வைத்தியச் செலவு மொத்தமும் என்னோடது, போதுமா? ஆமா... அந்த இன்னொரு வீடு? மிச்சம் வந்த வீடு. அவங்களுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாது. இன்னும் அதே குழாய், அதே தண்ணி."

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"நல்லதாப் போச்சு. நீயும் வாயைத் திறக்காதே. அவங்க குடிச்சா குடிச்சுட்டுப் போகட்டும், நமக்கென்ன?"

அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

"காலைல அந்த வீட்டுக் குழாயில இந்தத் தண்ணியைப் பிடிச்சுக் குடுத்ததே உங்க மகதாங்க."